சின்சினாட்டி அரை டாலர்: வாங்குவதா, விடுவதா?

மாசிலன்: 1892 முதல் 1954 வரை அமெரிக்கா வெளியிட்ட வெள்ளி நினைவு நாணயங்களை வகைக்கு ஒன்றாகச் சேர்க்கிறேன். மொத்தம் ஐம்பது வகை. 1936 சின்சினாட்டியை மட்டும் வாங்கப்போவதில்லை. ‘இசை மையமாக 50 ஆண்டு’ என்று 1886ஐப் பொறித்திருக்கிறார்கள். அந்த ஆண்டில் அந்த ஊர் இசையில் கொண்டாடும்படி எதுவும் நடக்கவில்லை. முகம் பாடலாசிரியர் ஸ்டீபன் ஃபாஸ்டருடையது. அவரோ 1864லேயே இறந்துவிட்டார். தாமஸ் மெலிஷ் என்ற சேகரிப்பாளர் லாபத்துக்காகக் கட்டிய கதை இது. இதற்கு நான் பணம் அழ வேண்டுமா?

கருவூலன்: யோக்கியமான காசுதான் வேண்டும் என்றால் உங்கள் பெட்டியில் பாதி காலியாகிவிடும், நண்பரே. ஆரிகன் ட்ரெயில் அரை டாலரை 1926 முதல் 1939 வரை விட்டு விட்டு, ஆண்டையும் எந்த அக்கசாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்தையும் மாற்றி மாற்றி விற்றார்களே, அது மட்டும் தர்மமா?

மாசிலன்: அது பேராசை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாதை இருந்தது, வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் மேற்கே போனார்கள். பேராசை வேறு, பொய் வேறு.

செம்பியன்: அறத்தை விடுங்கள், எண்ணிக்கையைப் பாருங்கள். பிலடெல்பியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ அக்கசாலைகள் மூன்றிலும் சின்சினாட்டி அடித்தது தலைக்குச் சுமார் ஐயாயிரம்தான். மூன்றும் சேர்ந்த செட் 7.75 டாலருக்கு வந்தது, வந்த வேகத்தில் பல மடங்கு ஏறியது. ஒன்று சொல்கிறேன்: வாங்கினால் ஃபாஸ்டரின் கன்னத்தைப் பாருங்கள். மேடான இடம், உராய்வு முதலில் அங்கேதான் விழும். பளபளவென்று இருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். அமிலக் கரைசலில் அளவுக்கு மீறி முக்கியெடுத்த காசைச் சாய்த்துப் பார்த்தால் ஒளி சுழன்று ஓடாது, வெள்ளையடித்த சுவர்போல் செத்துக் கிடக்கும்.

கருவூலன்: இந்தக் கூத்தெல்லாம் எல்லை மீறியதால்தான் 1939இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பழைய நினைவு நாணய அனுமதிகளை ஒட்டுமொத்தமாக நிறுத்தியது. அந்த வரலாற்றுக்குச் சின்சினாட்டியைவிட நல்ல சாட்சி எது? பொய்க்காகவே வாங்க வேண்டிய காசு அது.

மாசிலன்: சாட்சிக்கு ஆரிகன் போதும். என்னிடம் உள்ள 1893 இசபெல்லா கால் டாலர் தேய்ந்தது. அந்தப் பணத்தில் அதற்குப் பதில் நல்லதாக ஒன்று வாங்குவேன். நாற்பத்தொன்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

செம்பியன்: விற்கும்போது நாற்பத்தொன்பதுக்கு எவரும் முழு செட் விலை தரமாட்டார்கள்.

மாசிலன்: விற்பதாக யார் சொன்னது?