பேஸ்லைன் 12 நிமிடத்துக்கொரு தடவை ஏறி இறங்குகிறது, ஏசி காரணமா?

வணக்கம். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் HPLC (திரவக் குரோமற்றோகிராபி) கருவியில், பொருள்களைப் பிரிக்கும் சின்னக் கொலம் வைத்து, டோபமின், செரட்டோனின் என்ற நரம்பு இரசாயனங்களை அளக்கிறேன். விட்டம் 1 மில்லிமீற்றர், ஓட்டம் நிமிடத்துக்கு 50 மைக்ரோலீற்றர். டிடெக்டரில் கிளாசி காபன் மின்வாய், வெள்ளி–வெள்ளிக்குளோரைட்டுக்கு எதிரே 0.65 வோல்ட். பேஸ்லைன், அதாவது பொருள் எதுவும் வராதபோது டிடெக்டர் வரையும் கோடு, கடல் அலைபோல ஆடுகிறது. பம்ப் சீல் மாற்றினேன், மின்வாயை அலுமினாத் தூளில் தேய்த்தேன், ஒன்றும் அசையவில்லை. கொலம் ஒவன் 35.0 பாகை என்றே காட்டுகிறது. வேடிக்கை என்னவென்றால், போயா (பௌர்ணமி விடுமுறை) அன்று ஏசி இல்லாமல் ஓட்டியபோது அலையே இல்லை. கோடு மெதுவாக மேலே போனது, அவ்வளவுதான்.

பதில்: விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள் தம்பி. பீக் (ஒரு பொருள் வரும்போது கோட்டில் எழும் முகடு) வரும் நேரம் மாறுகிறதா?

கேட்டவர்: இல்லை அண்ணை, டோபமின் அதே நேரத்துக்கு வருகிறது.

பதில்: அப்படியென்றால் குறை கொலத்தில் இல்லை, டிடெக்டர் செல்லில், அதாவது மின்வாய் இருக்கும் சின்னக் கூட்டில். அது ஒவனுக்கு வெளியேதானே? 50 மைக்ரோலீற்றர் திரவம் எவ்வளவு சூட்டைத்தான் சுமந்துவரும்! மெல்லிய குழாயில் கொஞ்சத் தூரம் போவதற்குள் அறையின் வெப்பநிலைக்கு வந்துவிடும். அப்புறம் ஏசி கம்பிரசர் போடும் தாளம் அப்படியே பேஸ்லைனில் விழும். ஒரு பாகை கூடினால் ஊடுபரவலால் வரும் மின்னோட்டம் 1–2 வீதம் கூடும். பின்னணி மின்னோட்டமும் சேர்ந்து ஆடும், நீங்கள் தேடும் பீக் அதைவிடச் சிறியதாக இருக்கலாம்.

இன்னொருவர்: ஏசியை 18 பாகையில் விட்டால் சரிவராதா?

பதில்: வேண்டாம். மாலையில் ஏசியை நிறுத்தியதும் கொழும்பின் ஈரக்காற்றுப் பட்டு, குளிர்ந்த இணைப்புகள் வியர்க்கும். நானோ அம்பியர் அளக்கும் இடத்தில் ஈரம் ஆகாது. செல்லின் வெப்பநிலையை அறையின் வெப்பநிலையைவிட மேலே வைப்பதுதான் பாதுகாப்பு. முதலில் செல்லை ஒரு ரிஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியால் மூடிப் பாருங்கள்.

கேட்டவர்: மீன் வாங்கிய பெட்டியால் மூடினேன், அலை பாதிக்கு மேல் அடங்கியது! பிறகு செல்லையே ஒவனுக்குள் வைத்துக் குழாயையும் குறுக்கினேன். இப்போது அலை போய், ஊசி ஊசியாகக் குத்துகிறது.

பதில்: அது குமிழி. சூடேறினால் கரைந்த காற்று வெளியே வரும். திரவத்திலிருந்து காற்றை அகற்றும் டீகாஸர் ஓடட்டும். செல்லுக்குப் பின்னால் நீளமான மெல்லிய குழாய் போட்டுச் குமிழி வராதபடி சிறிது எதிரமுக்கம் கொடுங்கள், செல் எவ்வளவு தாங்கும் என்று கைநூலில் பார்த்துவிட்டு. ஒவன் ஹீட்டரின் இரைச்சல் ஏறாமல் செல்லின் உலோகக் கவசத்தை எர்த் பண்ணுங்கள். திரையில் 35 வந்ததும் சாம்பிள் போட்டுவிடாதீர்கள், செல்லின் உள்ளே சூடு சமப்பட நேரமெடுக்கும். இரவு முழுக்க ஓடவிடுவதுதான் என் பழக்கம்.

கேட்டவர்: வோல்ட் அதே 0.65 தானா?

பதில்: வோல்டமோகிராம் (வோல்ட்டுக்கு ஏற்ப மின்னோட்டம் மாறுவதைக் காட்டும் வரைபு) மறுபடி எடுத்துப் பாருங்கள். வெள்ளி–வெள்ளிக்குளோரைட்டு ரெபரன்ஸ் மின்வாயின் வோல்டும் வெப்பநிலையோடு நகரும்.

கேட்டவர்: சரி அண்ணை, இரவு ஓடவிட்டு நாளைக்கு எடுக்கிறேன். ஆய்வுகூடத்தில் மீன் மணம்தான் இன்னும் போகவில்லை.