ப்ராப் ட்ரேடிங் கம்பெனியில் முதல் இன்டர்வியூ: எப்படித் தயாராவது?

வெஸ்ட்வில் மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கும் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் புள்ளியியல் ஹானர்ஸ் படிக்கிறேன். வீடு சாட்ஸ்வர்த்தில். தன் சொந்தப் பணத்தில் ஆப்ஷன் (ஒன்றைக் குறித்த விலைக்குப் பின்னால் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) வியாபாரம் செய்யும் ஓர் ஆம்ஸ்டர்டாம் கம்பெனிக்கு, அதாவது ஒரு ப்ராப் கம்பெனிக்கு, விண்ணப்பித்திருந்தேன். 8 நிமிடத்தில் 80 மனக்கணக்கு போடும் ஆன்லைன் தேர்வில் தேறிவிட்டேன். அடுத்தது ஒரு ட்ரேடருடன் வீடியோவில் 45 நிமிட இன்டர்வியூ, பிப்ரவரி கடைசி வாரம்.

நான் ஒரு ரேண்டுக்குக்கூட ஷேர் வாங்கியதில்லை. அப்பா புரோஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலையில் வேலை செய்கிறார். "இது சூதாட்டம்தானேம்மா, இதுக்கா இவ்வளவு படிச்சே?" என்கிறார். எனக்கு இந்த வேலை ரொம்ப வேண்டும். என்ன கேட்பார்கள்?

பீனிக்ஸ்காரன்:
முதலில் ஒன்றைப் பார்த்துவிடு தங்கச்சி. கட்டணம் கட்டி 'சேலஞ்ச்' முடித்தால் ட்ரேடிங் கணக்கு தருகிறோம் என்பவர்களும் தங்களை ப்ராப் கம்பெனி என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். அது வேலை இல்லை, அங்கே நீ வாடிக்கையாளர். வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனி உன்னிடம் ஒரு சென்ட்கூடக் கேட்காது. மெயில் கம்பெனியின் சொந்த முகவரியிலிருந்துதான் வந்ததா என்று பார்.

சாண்டன் பழைய மேசை:
வாழ்த்துகள் தங்கச்சி. நான் மெரிபேங்கில் வளர்ந்தவன். ஜோகன்னஸ்பர்க் பக்கம் சாண்டனில் பல வருஷம் ரேண்ட் ஆப்ஷன் வியாபாரம் செய்யும் பிரிவில் (மேசை என்போம்) இருந்தேன், புதியவர்களை இன்டர்வியூவும் செய்திருக்கிறேன். புதிதாக ஒரு விஷயம் தெரிந்ததும் நீ உன் விலையை எப்படி மாற்றுகிறாய், அதைத்தான் எதிரே இருப்பவர் பார்ப்பார்.

பகடைக் கேள்வி அநேகமாக வரும். விழும் எண்ணுக்கு அத்தனை ரேண்ட், பிடிக்காவிட்டால் ஒருமுறை மறுபடி உருட்டலாம், இந்த ஆட்டத்துக்கு எவ்வளவு கொடுப்பாய்? ஒரே உருட்டலின் சராசரி 3.5. அதனால் 4, 5, 6 விழுந்தால் வைத்துக்கொள்வாய், மற்றதை விட்டுவிடுவாய். பாதி நேரம் சராசரி 5, பாதி நேரம் 3.5, ஆகவே 4.25. உடனே "மொத்தம் மூன்று உருட்டல் என்றால்?" என்பார். இப்போது முதல் உருட்டலில் 4 விழுந்தாலும் விட வேண்டும், ஏனென்றால் மிச்சமிருக்கும் ஆட்டமே 4.25 பெறும். விடை சுமார் 4.67. அந்த 'ஏனென்றால்' அவர் காதில் விழ வேண்டும். பேசாமல் யோசித்து விடையை மட்டும் சொன்னவர்களை என்னால் எடைபோடவே முடிந்ததில்லை.

அப்புறம் விலை சொல்லும் ஆட்டம். ஏதோ ஓர் எண்ணைக் கேட்பார்கள், நீ வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டும் சொல்ல வேண்டும், உண்மையான எண்ணை வைத்துத்தான் லாப நஷ்டம். இந்த மாதிரிக் கம்பெனிகளில் ஆப்டிவர் 1986-இலும் ஐஎம்சி 1989-இலும் ஆம்ஸ்டர்டாம் ஆப்ஷன் சந்தையின் தளத்தில் ஆரம்பித்தவை. வாயால் விலை கூவிய அந்தக் காலத்துப் பழக்கம் இன்டர்வியூவில் இன்னும் இருக்கிறது. நம் டர்பன் மோசஸ் மபிடா ஸ்டேடியத்தின் வளைவு எத்தனை மீட்டர் உயரம் என்று கேட்கிறார், வை. "80-க்கு வாங்குவேன், 100-க்கு விற்பேன்" என்கிறாய். அவர் "100-க்கு வாங்கிக்கொண்டேன்" என்கிறார். அடுத்த சுற்றிலும் அதே 80, 100 என்றால் முடிந்தது கதை. அவர் வாங்கியதே உனக்கு ஒரு செய்தி, அவருக்கு ஏதோ தெரிந்திருக்கலாம். 92, 108 என்று தூக்கு. உண்மையான உயரம் 106. முதல் விற்பனையில் உனக்கு 6 நஷ்டம், 108-க்கும் அவர் வாங்கினால் அதில் 2 திரும்பி வரும். பயந்துகொண்டு 10, 500 என்று சொல்லாதே. அப்படிச் சொன்னால் யாரும் உன்னிடம் வாங்கவும் மாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள்.

"ஏன் ட்ரேடிங்?" என்று கேட்டால் சவால், ஆர்வம் என்று பொதுவாகப் பேசாதே. நம் நாட்டிலேயே நல்ல கதை இருக்கிறது. 2015 டிசம்பர் 9 இரவு அதிபர் ஜூமா நிதி அமைச்சர் நேனேயை நீக்கினார். ரேண்ட் சரிந்து டாலருக்கு 15-ஐத் தாண்டியது. நான்கே நாளில், முன்பு நிதி அமைச்சராக இருந்த பிரவின் கோர்தனை மறுபடி அந்தப் பதவிக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அகன்றுகொண்டே போனதுதான் மேசையிலிருந்த எங்களை உலுக்கியது. எதிராளிக்கு என்ன தெரியும் என்று தெரியாதபோது விலை சொல்கிறவன் அப்படித்தான் தன்னைக் காத்துக்கொள்வான். அந்த நாட்களைப் பற்றித் தேடிப் படி, உனக்கு எது புரிந்ததோ அதைச் சொல்.

அப்பாவுக்கு உங்கள் சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டைக் காட்டு. மூட்டையாக வாங்கிக் கிலோவாக விற்பவர் தக்காளி விலை ஏறும் என்று பந்தயம் கட்டவில்லை, நடுவில் கிடைக்கும் சில்லறைக்காக நிற்கிறார். இந்தக் கம்பெனிகளும் பெரும்பாலும் அப்படித்தான். ஒரு கால் ஆப்ஷனை (வாங்கும் உரிமையை) விற்றால் உடனே கொஞ்சம் ஷேரை வாங்கி ஆபத்தைக் குறைத்துக்கொள்வார்கள். ஆனாலும் பணம் போகும் நாள் உண்டு. அதையும் அவரிடம் மறைக்காதே.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். அங்கே 10 என்றால் இங்கே 11. மெயிலில் போட்டிருப்பது எந்த ஊர் நேரம் என்று கேட்டுவிடும்மா. கரண்ட் போனாலும் பேச்சு நிற்காதபடி போனில் டேட்டா போட்டு ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வை.

வெஸ்ட்வில் மாணவி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மெயில் முகவரியைப் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது. சாண்டன் அண்ணா, பேப்பர் பேனா வைத்துக்கொள்ளலாமா?

சாண்டன் பழைய மேசை:
ஆரம்பத்திலேயே அவரிடம் கேட்டுவிடு, பொதுவாகச் சரி என்பார்கள். கால்குலேட்டரைத் தொடாதே. சரி, இப்போதே ஒன்று. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க், என்3 சாலையில் எத்தனை கிலோமீட்டர்? தேடாமல் இரண்டு விலை சொல்.

வெஸ்ட்வில் மாணவி:
580-க்கு வாங்குவேன், 610-க்கு விற்பேன்.

சாண்டன் பழைய மேசை:
580-க்கு விற்றேன்.

வெஸ்ட்வில் மாணவி:
அப்படியானால் 560, 585. நீங்கள் விற்றதால் கீழே இறக்கினேன், ஜோகன்னஸ்பர்க் உங்கள் பக்கத்து ஊர், உங்களுக்குத் தூரம் தெரிந்திருக்கும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே இறக்கினேன்.