தரங்கம்பாடியில் தங்கியவர்கள், சுற்றியுள்ள ஊர்களில் சந்தித்து இன்னும் மறக்க முடியாத ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்

அலைவாய்க்கரை

கோட்டை, அருங்காட்சியகம், ராஜா வீதி எல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

2009 ஜனவரி. கடலோர விடுதி ஒன்றில் இரண்டு நாள். ஓசோன் காற்று நிறைந்த ஊர், விடியற்காலையில் நடந்தால் உடம்புக்கு நல்லது என்று விடுதியில் சொன்னார்கள். நடந்தேன். மாசிலாமணி நாதர் கோயில் அப்போது பாதி இடிந்து, அலை வந்து தொடும் நிலையில் நின்றது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த கோயில். வெயில் பட்டதும் செங்கல் எல்லாம் சிவந்து தெரிந்தது. படம் எடுக்கலாம் என்று கேமராவைத் தூக்கினால் முன்னால் ஒரு பெரியவர், தோளில் வலையோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். கோயில் மட்டும் வரட்டும்" என்றேன்.

ஒன்றும் சொல்லாமல் தெற்கே பத்தடி தள்ளி நின்றார். நான் எடுத்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, கடலைக் கைகாட்டிச் சொன்னார்: "அதோ, அலை உடைகிறதே, அதுவரைக்கும் கோயில்தான். எங்கள் பாட்டனார் அங்கே துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்."

சுனாமி வந்து ஐந்து ஆண்டுகூட ஆகாத நேரம். அந்தக் கரையில் யார் யாரை இழந்தார்கள் என்பதை நான் கேட்டிருக்க வேண்டும். "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிற்றுண்டிக்குப் போய்விட்டேன். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தன் கரையில் நின்ற மனிதரைத் தள்ளி நிற்கச் சொன்னேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

வாய்க்கால் மதகு

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் தில்லையாடிக்குப் போவதில்லை. பொறையாற்றுக்குப் பக்கம்தான், சைக்கிளிலேயே போய்விடலாம். வள்ளியம்மை நினைவு மண்டபம் அங்கே இருக்கிறது.

நான் போன அன்று மண்டபத்தில் ஆள் இல்லை. பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் கேட்டாள்: "அவர் எந்த ஊரில் பிறந்தார், சொல்லுங்கள்?"

தில்லையாடி என்றேன். பெயரிலேயே ஊர் இருக்கிறதே.

"இல்லை. ஜோகன்னஸ்பர்க். பிறந்ததும் அங்கே, இறந்ததும் அங்கே. இது அவருடைய தாயாரின் ஊர்." சொல்லிவிட்டு மறுபடியும் கணக்கில் குனிந்துகொண்டாள்.

காந்தியோடு தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22இல் பதினாறு வயதில் இறந்தவர் என்பது எனக்குத் தெரியும். மறு ஆண்டே காந்தி இந்த ஊருக்கு வந்தார் என்பதும் தெரியும். பிறந்த ஊர் மட்டும் தெரியாது. அதைவிட, அந்தச் சிறுமியின் முகம்தான் கண்ணிலேயே நிற்கிறது. வருகிற ஒவ்வொருவரிடமும் இதே கேள்வியைக் கேட்டு, ஒவ்வொருவரும் தவறாகச் சொல்வதைப் பார்த்துச் சலித்த முகம் அது. தன் வயதை ஒத்த ஒருத்தியைப் பற்றிப் பெரியவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லையே என்ற வருத்தமாகக்கூட இருக்கலாம்.

நாகை நெய்தல்

முதல் பதிவு எழுதியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த ஓசோன் பேச்சை இங்கேயும் பரப்பாதீர்கள். ஓசோன் மூச்சில் அதிகம் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். கடற்கரையில் மூக்கில் ஏறும் அந்த வாசம் பெரும்பாலும் கடல்நீரில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் கந்தகச் சேர்மத்தின் வாசம். காற்று நன்றாக இருக்கிறது, அவ்வளவு சொன்னால் போதும்.

என் கதை சிறியது. கோட்டைக்கு வடக்கே என் அக்காள் மகன் இடுப்பளவு நீரில் நின்றிருந்தான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்தளவு ஆகிவிட்டது. முதலில் பார்த்தது நாங்கள் இல்லை, கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண். கூடையைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டே ஓடினார். அவர் குரல் கேட்டு இரண்டு இளைஞர்கள் பாய்ந்து இவனைக் கொண்டுவந்தார்கள். கரையில் விட்டதும் அந்தப் பெண் இவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு தன் முந்தானையாலேயே தலையைத் துவட்டினார். கூடையிலிருந்த நெத்திலி அலையோடு போய்விட்டது. எவ்வளவு கேட்டும் பணம் வாங்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். இந்தக் கரையில் குளிப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். அலை புரண்டு உடைகிற இடத்தைப் பார்த்துப் பயந்து, நடுவில் அலை இல்லாமல் அமைதியாகத் தெரிகிற இடத்தில் இறங்குகிறோம். தவறு அங்கேதான். கரைக்கு வந்த நீர் திரும்பிப் போகும் வழி பெரும்பாலும் அந்த அமைதியான இடம்தான். உள்ளே இழுக்கும். இழுத்தால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலகிய பிறகு கரைக்குத் திரும்புங்கள். நீச்சல் தெரியாதவர்கள் கணுக்காலுக்கு மேல் இறங்கவே வேண்டாம். கோட்டைப் பக்கம் கொட்டியிருக்கும் பாறைகளில் குழந்தைகளை ஏறவிடாதீர்கள், பாசி வழுக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கடலைக் கரையிலிருந்து பார்த்தால் போதும். எங்கே இறங்கலாம் என்று விடுதியில் கேட்காதீர்கள். வலை பிரிப்பவர்களிடம் கேளுங்கள். அவர்கள் கூடாது என்றால் கூடாது.

பதினாறாம் பேறு

திருக்கடையூர் பக்கத்திலேயே இருக்கும்போது யாரும் சொல்லவில்லையே. தரங்கம்பாடியில் தங்கி, என் மாமனார் மாமியாருக்கு அறுபதாம் கல்யாணம் செய்தோம். நாங்கள் நாற்பது பேர். அங்கே எந்நேரமும் கலசங்கள் அடுக்கி, ஒரு வரிசை முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த தலம் ஆயிற்றே.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தம்பதி. அவருக்கு எண்பது நிறைந்திருந்தது. அவர்களோடு யாருமே இல்லை. கலச நீரைப் பிள்ளைகள், உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் ஊற்றும் நேரம். அங்கே வரிசையே இல்லை. அந்த அம்மா என்னைப் பார்த்து, "தாயே, நீ வந்து ஒரு சொம்பு ஊற்றுகிறாயா? எங்கள் பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை" என்றார்.

ஊற்றினேன். குளிர்ந்த நீர். அவர் தோள் ஒரு முறை சிலிர்த்தது. பிறகு இருவரும் என்னை ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் கூட்டத்தில் இன்னும் நான்கு பேரை அழைத்துக்கொண்டு வந்திருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை. இன்றும் குளிக்கும்போது முதல் சொம்பு தலையில் விழுந்தால் அந்த நினைப்புத்தான்.

ஈயெழுத்து

பொறையாற்றுக்கு அருகே கடுதாசிப்பட்டறை என்று ஓர் இடம். பேருந்தில் நடத்துநர் அந்தப் பெயரைக் கூவியபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த முதியவரிடம் "இங்கே காகிதம் செய்தார்களா?" என்று கேட்டேன். "எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் பெயர் பொய் சொல்லாது, தம்பி" என்றார்.

ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவையாக இருந்ததால் காகிதம் போதவில்லை. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டுக்குத்தான் இந்தப் பட்டறையும். 1719இல் அவர் இறந்தபோது வயது 36. அவர் கட்டிய புது எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமாகியிருக்கிறார்.

இவ்வளவையும் அந்த முதியவரிடம் சொல்லத் தொடங்கினேன். அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. இறங்கிய பிறகு ஜன்னல் ஓரம் வந்து, "தம்பி, காகிதம் செய்தார்களா இல்லையா? அதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்" என்றார். செய்தார்கள் என்று நான் கத்துவதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது. அவர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது.

கோபுர வாசல்

படம் எடுத்ததற்காக வருந்தும் நண்பருக்கு ஒரு பதில். ஆனந்தமங்கலத்துக்குப் போயிருக்கிறீர்களா? பொறையாற்றுக்குப் பக்கத்து ஊர். மூன்று கண், பத்துக் கை ஆஞ்சநேயரைப் பார்க்கத்தான் எல்லாரும் போகிறார்கள். அங்கே ராஜகோபால சுவாமி கோயிலின் ராமர், லட்சுமணர், சீதை செப்புத் திருமேனிகள் 1978இல் திருடு போயின. லண்டனில் கண்டெடுத்து, 2020இல் திரும்பக் கிடைத்தன. அவை இந்தக் கோயிலுடையவைதான் என்று எதை வைத்து நிறுவினார்கள் தெரியுமா? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1958இல் எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள். யாரோ ஒருவர் அன்று பொறுமையாக நின்று படம் எடுத்ததால்தான் ராமர் ஊர் திரும்பினார்.

அங்கே அகல் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டி சொன்னார்: "கல்யாணமாகி வந்த புதிதில் சேவித்தேன். அப்புறம் பேத்தி கல்யாணம் முடிந்துதான் அவர்கள் வந்தார்கள். எனக்கு நரைத்துவிட்டது, சீதை அப்படியே இருக்கிறாள்." சொல்லும்போது குரல் உடைந்தது. ஆகவே கோயிலைப் படம் எடுத்ததில் குற்றம் ஒன்றுமில்லை, ஐயா.

வாய்க்கால் மதகு

கோபுர வாசல் ஐயாவுக்கு: அவர் வருந்துவது கோயிலைப் படம் எடுத்ததற்காக இல்லை. மனிதரைப் படத்திலிருந்து நீக்கியதற்காக. இரண்டும் ஒன்றில்லை. சிலை திருடு போனால் படம் சாட்சி சொல்லும் என்றால், கடல் கொண்டுபோன மண்டபத்துக்கு அந்தப் பெரியவர்தானே சாட்சி?

கோபுர வாசல்

ஒப்புக்கொள்கிறேன், தம்பி. அந்த இடத்தைச் சரியாகப் படிக்காமல் எழுதிவிட்டேன்.

பட்டினப்பாக்கம்

எல்லாரும் தெற்கேயே நிற்கிறீர்கள். வடக்கே பூம்புகாருக்கும் போங்கள். சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாமல், கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையையும் பாருங்கள். எனக்கு வழி சொன்னவர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா. "வெறும் செங்கல்தான், அதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்றார். நான் ஈராயிரம் ஆண்டு, கப்பல், காவிரி என்றெல்லாம் சொன்னதும் நாற்றுமுடியை வைத்துவிட்டு, சேற்றுக்காலோடு கூடவே வந்து பார்த்தார். அவர் நெடுநேரம் நின்றார். நான்தான் பேருந்துக்கு நேரமாயிற்று என்று கிளம்பினேன்.

அலைவாய்க்கரை

எழுதிய எல்லாருக்கும் நன்றி. ஓசோன் பற்றிச் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

வாய்க்கால் மதகின் பதிலைப் படித்த பிறகு பழைய வட்டுகளை எல்லாம் தேடி அந்தப் படத்தை எடுத்தேன். இத்தனை ஆண்டு அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. கோயில் இருக்கிறது, மணல் இருக்கிறது. இடது ஓரத்திலிருந்து மணலில் நீளமாக ஒரு நிழல் கோயிலை நோக்கிப் போகிறது. தோளில் வலை தெரிகிறது. கிழக்கே வெயில், அவர் தெற்கே தள்ளி நின்றிருந்தார் அல்லவா. நிழலைத் தள்ளி நிற்கச் சொல்ல எனக்குத் தோன்றியிருக்காது.

பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் விடுப்புக் கிடைக்கும். கரையில் யாரிடம் கேட்பது?

நாகை நெய்தல்

நல்ல காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஆட்கள் கரையில் இருப்பார்கள். சிறு படகுக்காரர்கள் விடியலில் போய்த் திரும்பிவிடுவார்கள், ஆகவே அதிகாலையில் போகாதீர்கள். எட்டு மணிக்கு மேல் வலை பிரிக்கிற கொட்டகையில் உட்கார்ந்து படத்தைக் காட்டுங்கள். முகம் இல்லையே என்று தயங்க வேண்டாம். நிற்கிற வாட்டத்தையும், வலையைத் தோளில் போட்டிருக்கும் விதத்தையும் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு பிரதியாக அச்சிடுங்கள். ஒன்று அந்த வீட்டில் இருக்கட்டும்.