புதுப்பிப்பு: அந்தக் கராகுச்சி சாக்கே பாட்டில்

போன வாரம் புலம்பியிருந்தேனே, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் குடித்த கராகுச்சி சாக்கேயில் (இனிப்புக் குறைந்த ஜப்பானிய அரிசி மது) எரிச்சலைத் தவிர ஒன்றுமே இல்லை என்று? பாதி பாட்டில் மிச்சம் இருந்தது. "சூடு பண்ணிப் பாருங்க" என்று இரண்டு பேர் சொன்னதைக் கேட்டு, சின்ன ஜாடியில் ஊற்றி, வெந்நீரில் வைத்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். ஜப்பானில் இந்தச் சூட்டுக்கு 'நுருகான்' என்று பெயர்.

அதே சாக்கேதானா என்று சந்தேகமே வந்துவிட்டது! முதலில் வடித்த சோற்றின் வாசம், பிறகு நாக்கின் ஓரத்தில் லேசான புளிப்பு. விழுங்கியதும் வாய் சுத்தமாக இருந்தது, இனிப்பு ஒட்டவே இல்லை.

லேபிளில் +10 என்று இருந்ததை ஆல்கஹால் அளவு என்று எழுதியிருந்தேன், தப்பு. அது 'நிஹொன்ஷுதோ', அடர்த்திக் கணக்கு. கூட்டல் எண் ஏற ஏறப் பொதுவாகச் சர்க்கரை குறைவு. ஆல்கஹால் தனியாக 15 சதவீதம் என்று போட்டிருக்கிறது.

பாட்டில் கோபே பக்கத்து நாதாவிலிருந்து வந்தது. அங்கே சாக்கே தயாரிக்கப் பயன்படும் 'மியாமிசு' என்ற தண்ணீர் கடின நீர். அதன் தாதுக்களால் ஈஸ்ட் வேகமாக வேலை செய்து சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும். இனிப்பில்லாத இந்தச் சுவைக்கு அதுவும் ஒரு காரணம்.

சொல்ல மறந்துவிட்டேன், 'கராகுச்சி'யில் உள்ள 'கரா' வந்தது 'கராய்' என்ற சொல்லிலிருந்து; ஜப்பானிய மொழியில் அதற்குக் காரம் என்றும் பொருள்! கேட்டதும் சிரித்துவிட்டேன்.

தொட்டுக்கொள்ள உப்புப் போட்டுச் சுட்ட கானாங்கெளுத்தி. மிச்சம் இல்லை.