எக்ஸ்-கதிர் நுண்படத்தில் பால் போன்ற மங்கல்: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். சீரியம் கலந்த ஒய்ஏஜி (யிட்ரியம் அலுமினியம் கார்னெட்) படிகத்தில் எக்ஸ்-கதிர் பட்டு வரும் மஞ்சள்-பச்சை ஒளியை 10 மடங்கு லென்ஸ் வழியாகப் படம் எடுக்கிறோம். பெங்களூரு ஆய்வகம், 40 கிலோவோல்ட் குழாய், லென்ஸின் துளையெண் (எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை வாங்கும் என்ற அளவு) 0.3. ஒளிரும் அடுக்கு 20 மைக்ரான்; அதைத் தாங்குவது சீரியம் கலக்காத அரை மில்லிமீட்டர் ஒய்ஏஜி.

போன மாதம் இந்தப் படிகத்துக்கு மாறியதிலிருந்து ஒரே தொல்லை. டங்ஸ்டன் தகட்டின் விளிம்பு கூர்மையாகவே விழுகிறது. ஆனால் கருப்பாக இருக்க வேண்டிய நிழல் பக்கம் முழுக்கப் பால் படிந்தாற்போல் வெளிச்சம்.

குவியத்தை மைக்ரான் மைக்ரானாக நகர்த்திப் பார்த்தாயிற்று. கதிர் இல்லாமல் எடுத்த இருட்டுப் படத்தைக் கழித்தும் போகவில்லை. கதிரை நிறுத்தினால் உடனே மறைகிறது, அதனால் வெளியொளி இல்லை. படிகத்தின் ஒளியை மட்டும் லென்ஸுக்குத் திருப்பும் 45 பாகைக் கண்ணாடி இருப்பதால் லென்ஸில் நேர்க்கதிர் படுவதும் இல்லை. அப்புறம் 30 கிலோவோல்ட்டுக்கும் இறக்கினோம், அதே மங்கல். தாங்கு படிகமே ஒளிர்கிறதோ என்பதுதான் என் சந்தேகம்.

இதே அமைப்பில் மஞ்சள்-பச்சை ஒளியை மட்டும் விடும் 550 நானோமீட்டர் வடிகட்டி போட்டு இந்த மங்கலைக் குறைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?