துப்பாக்கியைத் தொடாத குழந்தைப் போராளிகள்: பராமரிப்பு மையத்தில் நான் கண்டது

ஆயுதக் குழுக்களிடமிருந்து மீண்டு வந்த சிறுவர் சிறுமியருக்கான இடைக்காலப் பராமரிப்பு மையம் ஒன்றில் சில காலம் ஆசிரியையாகப் பணியாற்றினேன். பிள்ளைகளின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்பது அந்தப் பணியின் முதல் விதி. ஆகவே நாட்டையோ ஊரையோ பெயரையோ குறிப்பிடாமல், அங்கு கண்டவற்றில் ஒன்றை மட்டும் பகிர்கிறேன். குழந்தைப் போராளி என்றதும், தன் உயரத்துக்குத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிய ஒரு சிறுவன்தான் நம் மனக்கண்ணில் தோன்றுகிறான். நான் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளில் பலர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை.

அவர்களில் ஒரு சிறுமிக்குப் பதினான்கு வயது இருக்கலாம் என்று மருத்துவர் கணித்திருந்தார். பிறப்புச் சான்றிதழ் எதுவும் அவளிடம் இல்லை. வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட நாள் முதல் முகாமில் சமைப்பதும், தண்ணீர் சுமப்பதும், இடம் மாறும்போதெல்லாம் பாத்திரங்களையும் தோட்டாப் பெட்டிகளையும் தலையில் சுமந்து நடப்பதும் அவளுடைய வேலையாக இருந்தன. இரவுகளில் அவளுக்கு நேர்ந்ததை அவள் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பதிவு மேசையில் அவளிடம் முதலில் கேட்கப்பட்டது, எந்த ஆயுதத்தை ஒப்படைக்கிறாய் என்பதுதான். "நான் சமைத்தேன்" என்றாள். அவளுடைய பெயர் 'உடன் வந்தோர்' பட்டியலில் எழுதப்பட்டது. அந்தப் பட்டியலில் இருந்தவர்களுக்கு உடையும் போர்வையும் கிடைத்தன. தொழிற்பயிற்சியும் படிப்புக்கான உதவித்தொகையும் ஆயுதம் ஒப்படைத்தவர்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன.

வகுப்பில் கழித்தல் கணக்கு நடத்தியபோது, எழுதப் படிக்கத் தெரியாத அவள் மற்ற எல்லோருக்கும் முன்பாக விடை சொன்னாள். யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். தாக்குதலுக்குப் புறப்படும் முன் எத்தனை தட்டுகளில் உணவு பரிமாறினோம், திரும்பி வந்த பின் எத்தனை தட்டுகள் தேவைப்பட்டன என்று எண்ணி எண்ணிப் பழகியதாகச் சொன்னாள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைத் தளபதி சொல்வதில்லையாம். மிஞ்சிய தட்டுகளைக் கொண்டுதான் சமையற்கட்டில் இருந்தவர்கள் தெரிந்துகொள்வார்களாம். தன்னோடு சேர்த்துப் பிடித்துச் செல்லப்பட்ட சித்தப்பா மகன் திரும்பவில்லை என்பதையும் அவள் அப்படித்தான் அறிந்திருக்கிறாள். இவளைப் போய்ப் போரில் ஈடுபடாதவள் என்று ஒரு படிவம் எப்படி ஒதுக்கலாம்? அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

இத்தனைக்கும், எழுதப்பட்ட நெறிகளில் குழப்பம் ஏதும் இல்லை. ஆயுதப் படையோ குழுவோ பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எவரையும் எந்த வேலைக்குப் பயன்படுத்தினாலும், அது சமையலானாலும் சுமை தூக்குவதானாலும் உளவு பார்ப்பதானாலும், பாலியல் சுரண்டலே ஆனாலும், அவர் படையோடு தொடர்புபடுத்தப்பட்ட குழந்தையே என்று, குழந்தைப் போராளிகள் பற்றிய சர்வதேச வழிகாட்டி நெறிகளான 2007ஆம் ஆண்டின் பாரிஸ் கோட்பாடுகள் வரையறுக்கின்றன. அரசு சாராத ஆயுதக் குழுக்கள் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களை எந்தச் சூழ்நிலையிலும் சேர்க்கக் கூடாது என்கிறது, குழந்தை உரிமைகள் உடன்படிக்கையோடு இணைப்பாக 2000ஆம் ஆண்டில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற விருப்ப நெறிமுறை. ஆனால் களத்தில் பதிவு மேசை போடும் இடத்தில் ஆயுதமே அளவுகோலாகி விடுகிறது. சியரா லியோனில் 2002இல் போர் முடிவுக்கு வந்தபோது நடந்ததும் அதுதான்: துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் அல்லது அதைக் கழற்றி மாட்டிக் காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நடைமுறையில் நிலவியதால், குழுக்களுக்குள் சிறுமியர் பெருந்தொகையாக இருந்தும், ஆயுதக்களைவுத் திட்டத்துக்குள் வந்த குழந்தைகளில் அவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நீதிமன்றத்திலும் இந்தச் சிறுமியருக்கு நேர்ந்தது தாமதமாகத்தான் கணக்கில் எடுக்கப்பட்டது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பே குழந்தைப் போராளிகள் பற்றியது. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களைப் படையில் சேர்த்ததற்காக 2012இல் காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தோமஸ் லுபாங்கா குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, பதினான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அந்தக் குழுவுக்குள் சிறுமியர் மீது நடந்த பாலியல் வன்முறை அவர் மீதான குற்றச்சாட்டுகளில் இடம்பெறவே இல்லை. அதே குழுவின் தளபதிகளில் ஒருவரான போஸ்கோ என்டகாண்டா மீதான தீர்ப்பு 2019இல் வந்தபோதுதான், சொந்தக் குழுவின் குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையும் போர்க்குற்றமாகத் தண்டிக்கப்பட்டது.

இத்தகைய பிள்ளைகளோடு பழகிய வேறு யாரேனும் இருந்தால் எழுதுங்கள்.

பதில்:

அக்கா, வேறொரு நாட்டில், பிள்ளைகளின் குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்து வைக்கும் பணியில் இருந்தேன். நீங்கள் சொல்லும் பட்டியலில்கூட இடம்பெறாத சிறுமியரையே நான் அதிகம் சந்தித்தேன். அவர்கள் பதிவு வரிசையில் நிற்கவே மறுத்துவிடுவார்கள். அங்கே நின்றால் காட்டில் இருந்தவள் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். கைக்குழந்தையோடு திரும்பிய ஒரு பெண்ணை அவளுடைய தந்தை வாசலிலேயே நிறுத்தி, "நீ உள்ளே வா, அந்தக் குழந்தை யாருடையது?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் எங்கள் வண்டியை நோக்கித் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டாள். பாட்டிதான் ஓடி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். அந்தப் பாட்டி இல்லாதிருந்தால் எங்கள் பயிற்சிக் கையேடுகளால் அன்று எதுவும் நடந்திருக்காது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரும்பி வந்தவர்களுக்கு மட்டும் தனி உதவி அட்டை கொடுத்த ஊர்களில், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர், "எங்கள் வீட்டை எரித்தவர்களுக்குச் சலுகை, எங்களுக்கு ஒன்றுமில்லையா?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. பள்ளிக்கூடத்தின் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணத்தையும் நோட்டுப் புத்தகங்களையும் பொதுவாக ஏற்றுக்கொண்ட இடங்களில் அந்தக் கசப்பு குறைந்தது. ஒளிந்திருந்த சிறுமியரும் எவருக்கும் விளக்கம் சொல்லாமல் வகுப்பில் வந்து உட்கார முடிந்தது. உங்கள் மாணவியின் பெயர் கடைசியில் எந்தப் பட்டியலுக்குப் போயிற்று?

பதில்:

தம்பி, பள்ளி முழுவதற்கும் உதவியைப் பொதுவாக்கியது மிகச் சரியான வழி. எங்கள் மையத்தில் அதற்கு நிதி ஒதுக்கப்படவில்லை. அவளுடைய விஷயத்தில், அதே முகாமில் இருந்த இரண்டு சிறுவர்கள் அவள் தங்களோடு இருந்ததை உறுதிப்படுத்தினார்கள். அந்தச் சாட்சியத்தை வைத்து மேலிடத்துக்கு எழுதினோம்; பல மாத இழுபறிக்குப் பிறகு அவளுடைய பெயர் ஆயுதம் ஒப்படைத்தவர்களின் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அவள் தையல் பயிற்சியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கணக்குப் படிக்கச் சேர்ந்தாள். அடுத்து வந்த பிள்ளைகளுக்கான படிவத்தில், முகாமில் என்ன வேலை செய்தாய் என்பது முதல் கேள்வியாக வைக்கப்பட்டது.