அரெண்டெல் எந்த வரைபடத்தில் இருக்கிறது?

தேர்வடம்:
"எப்காட் நார்வே அரங்குக்கு ஃப்ரோசன் சவாரி கச்சிதமாகப் பொருந்துகிறது, எதிர்ப்பவர்கள் பழம்பஞ்சாங்கங்கள்" என்று மீன்கொத்தி நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஃப்ளோரிடாவில் 1982இல் டிஸ்னியின் எப்காட் பூங்கா திறந்தபோது ஏரியைச் சுற்றிக் கட்டியவை நிஜ நாடுகளின் அரங்குகள். நார்வே 1988இல் சேர்ந்தது. அதற்குள் மேல்ஸ்ட்ராம் என்று ஒரு படகு சவாரி. 2014இல் அதை மூடி, 2016இல் ஃப்ரோசன் படத்து நாயகி எல்சாவைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தப் படத்தில் வரும் அரெண்டெல் என்று நிஜத்தில் ஒரு நாடே கிடையாது. இல்லாத நாட்டுக்கு அந்த வரிசையில் என்ன வேலை?

மீன்கொத்தி:
பெயர் சொல்லியே அடிக்கிறீர்கள், சரி. அதே படகு, அதே பாதை. மாறியது பொம்மைகள்தான். வெளியே மரத் தேவாலயம் அப்படியே நிற்கிறது. படம் பார்த்த யாருக்கும் அது நார்வே என்று தெரியும். டிஸ்னிலாந்து ஒருநாளும் முடிவடையாது என்று சொன்னதே வால்ட் டிஸ்னிதான்.

தேர்வடம்:
அது கலிஃபோர்னியாவில் இருக்கும் டிஸ்னிலாந்தைப் பற்றிச் சொன்னது. எப்காட் திறக்கும் முன்பே, 1966இலேயே, அவர் இறந்துவிட்டார். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்: அரெண்டெல் எங்கே இருக்கிறது?

பனிக்காற்று:
முதலில் அது நார்வே இல்லை, நோர்வே. நான் ஒஸ்லோவில் இருபது வருடமாக வசிக்கிறேன். தெற்குக் கரையில் அரெண்டால் என்று ஊரே இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தேர்வடம்:
அரெண்டால் ஊர். அரெண்டெல் கற்பனை. ஓர் எழுத்து மாறினால் எல்லாம் மாறும்.

சித்தோடு:
நோர்வேயா? எங்கள் பாடப்புத்தகத்தில் நார்வே என்றுதான் இருந்தது. இங்கே வந்து தமிழ் திருத்த வேண்டாம்.

பனிக்காற்று:
எங்கள் பாடப்புத்தகத்தில் நோர்வே. தமிழ் உங்கள் மாநிலத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்த சொத்தா? அந்த ஊர்க்காரர்கள் சொல்வதையும் ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள்.

மீன்கொத்தி:
இன்னொன்று. அங்குள்ள அக்கர்ஷுஸ் உணவகத்தில் ஃப்ரோசன் படம் வருவதற்கு முன்பே ஸ்னோ ஒயிட் வந்து குழந்தைகளோடு நின்றாள். அது ஜெர்மானியக் கதை. அப்போது ஏன் வாயே திறக்கவில்லை?

தேர்வடம்:
அதுவும் தப்புதான். சாப்பிடும் இடத்தில் வந்து நிற்பது வேறு, சவாரியையே பிடுங்குவது வேறு. அதே ஏரிக்கரையில் பிரான்ஸ் அரங்கில் 2021இல், பாரிஸில் நடக்கும் ராட்டட்டூயி படத்தின் சவாரி வந்ததே, நான் ஒரு வார்த்தை சொன்னேனா? பாரிஸ் நிஜமான ஊர்.

2011இல் என் மகளோடு மேல்ஸ்ட்ராமில் போனேன். மூன்று தலைப் பூதம் சபித்ததும் படகு பின்னோக்கி ஓடும். அதன் பின்பக்கம் சுவரில் இருந்த திறப்பு வழியாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், கீழே நடப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். அப்புறம் சட்டென்று முன்னால் சறுக்கி வடகடலில் விழும். இருட்டில் எண்ணெய்க் கிணற்று மேடை, புயல். "அப்பா, கடலுக்கு நடுவிலா எண்ணெய் எடுக்கிறார்கள்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை எல்சாவின் அரண்மனை எந்தக் குழந்தையிடமும் எழுப்பாது.

அடுப்படி:
சவாரி எப்படியோ போகட்டும், அங்கே கிடைக்கும் ஸ்கூல் பிரெட்டை யாரும் சொல்லவில்லையே! ஏலக்காய் போட்ட பன், நடுவில் கஸ்டர்ட், மேலே தேங்காய்த் துருவல். நம் வீட்டுப் பலகாரம் மாதிரியே இருந்தது.

சித்தோடு:
ஏலக்காய் நம்மிடமிருந்து போனது.

பனிக்காற்று:
அதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே பேக்கரிக்குப் பேக்கரி அது கிடைக்கும்.

மீன்கொத்தி:
தேர்வடம், டோக்கியோ டிஸ்னிசீ பூங்காவில் 2024இல் இதே ஃப்ரோசன் வந்தபோது "அற்புதம்" என்று எழுதியவர் நீங்கள்தான். அன்றைக்கு நான் குறை சொன்னதற்கு "ரசனை இல்லாதவர்" என்றீர்கள். அதை மறக்கவில்லை.

தேர்வடம்:
நானும் மறக்கவில்லை, இப்போதும் அதையே சொல்வேன். டோக்கியோவில் அந்த இடத்துக்கு நார்வே என்று பெயர் வைக்கவில்லை. இங்கே வாசலில் நார்வே என்று எழுதிவிட்டு உள்ளே இல்லாத நாட்டைக் காட்டுகிறார்கள். எப்காட்டில் எரிசக்தி அரங்கை 2017இல் மூடி, 2022இல் விண்வெளி ரோலர் கோஸ்டர் வைத்ததும் இதே கதை.

மீன்கொத்தி:
அந்த ரோலர் கோஸ்டரில் நான் மூன்று தடவை போனேன். நான்காவது தடவையும் போவேன்.

தேர்வடம்:
போங்கள். அரெண்டெல் எங்கே என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

பனிக்காற்று:
நோர்வேயில்.

தேர்வடம்:
அது அரெண்டால்!